குடும்பப் படங்களில் மகிழ்ச்சிக்கு எத்தனை ரீல்?

‘குடும்பத்துடன் கண்டு களியுங்கள்’ என்பது தமிழ் சினிமாச் சுவரொட்டிகளில் பல காலம் நிலைத்திருந்த வரி. பத்திரிகை விமர்சனங்களும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்: வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் நெளியாமல் பார்க்கக்கூடிய படம் எது என்ற கேள்வி நம் வீடுகளில் பண்டிகைக்குப் பண்டிகை எழுகிறது. அதற்குச் சட்டத்திடம் ஒரு பதில் இருக்கிறது. வரி போடும் அரசிடம் இன்னொரு பதில் இருந்தது. எழுபது ஆண்டுத் தமிழ்ப் படங்கள் வேறு பதில்களைச் சொல்லியிருக்கின்றன. அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது: குடும்பத்தைப் பற்றி இவ்வளவு படம் எடுத்த நாம், குடும்பத்தின் சின்னச் சின்னச் சந்தோஷங்களுக்கு மிகக் குறைவாகவே ஃபிலிம் செலவழித்திருக்கிறோம்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் எல்லாரும் பார்க்க யு, வயது வந்தோருக்கு ஏ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நடுவில் யு/ஏ என்ற பிரிவு 1983இல் வந்தது. 2024இல் வந்த விதிகள் அந்த நடுப் பிரிவை 7, 13, 16 வயது என்று மூன்றாக்கின. தமிழ்நாட்டில் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. 2011இல் அதற்கு யு சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அன்றிலிருந்து 2017இல் ஜிஎஸ்டி வரும் வரைக்கும் யு என்ற அந்த ஓர் எழுத்துக்குத் தயாரிப்பாளரின் கணக்கில் பெரிய மதிப்பு இருந்தது. இந்த அளவுகோல்கள் எல்லாமே படத்தில் என்ன இல்லை என்று பார்ப்பவை. ரத்தம் இல்லை, படுக்கையறை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. என்ன இருக்கிறது என்று பார்ப்பது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற குடும்பம்தான்.

அப்படிப் பார்த்தால், மூன்று தலைமுறையும் ஒன்றாக ரசித்த படங்களின் வரிசையில் முதலில் வைக்க வேண்டியது 1957இல் வந்த ‘மாயா பஜார்’. கே.வி. ரெட்டி இயக்கி, விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். பாரதத்தின் பாத்திரங்கள்தான், ஆனால் போர் கிடையாது. ஒரு கல்யாண வீட்டின் கலாட்டாதான் கதை முழுவதும். பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்று பெரியவர்களுக்குள் மனத்தாங்கல், சம்பந்திகளின் பந்தா, சமையல், சீர்வரிசை. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாணச் சமையலை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் காட்சியில் இன்றைய குழந்தையும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கடோத்கஜன் மணப்பெண்ணாக உருமாறியபின், அவனுடைய மிடுக்கையும் நடையையும் சாவித்திரி தன் உடம்பில் கொண்டுவரும் அழகைப் பெரியவர்கள் கவனிப்பார்கள். அதே படத்தில் ஒரு மாயப் பெட்டி வருகிறது. திறந்து பார்க்கிறவருக்கு அவருக்கு மிகப் பிடித்தது எதுவோ அது தெரியும். ஆளுக்கு ஆள் வேறு காட்சி. படமும் அந்த மாதிரிதான் வேலை செய்கிறது. பாட்டிக்குக் கல்யாணம், பேரனுக்கு ராட்சசன், அம்மாவுக்கு சாவித்திரி. குடும்பப் படம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தகுதியான படத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் தமிழ் சினிமா அந்த வழியில் போகவில்லை, அழுகையின் வழியில் போயிற்று. அதை இலக்கணமாகவே ஆக்கிக் கொடுத்தவர் ஏ. பீம்சிங். ‘பாகப்பிரிவினை’ 1959இல், ‘படிக்காத மேதை’ 1960இல், ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஒரே ஆண்டில். கூட்டுக் குடும்பம் பிரிவது, வளர்த்த பிள்ளை விசுவாசமாக நிற்பது, பெற்ற பிள்ளைகள் கைவிடுவது, அண்ணனும் தங்கையும் பிறர் சூழ்ச்சியால் விலகுவது. கிராமத்து நிலமும் கூட்டு வீடும் உடைந்து, ஆலை வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் ஆட்கள் நகரத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இந்தக் கதைகள் தியேட்டரில் இருந்தவர்களுக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. பாகம் பிரித்த வீட்டிலிருந்து வந்தவர்கள்தான் பாகம் பிரிப்பதைப் பார்த்து அழுதார்கள். அந்த அழுகையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

என்றாலும் ‘பாசமலர்’ படத்தின் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். தாய் தகப்பன் இல்லாத அண்ணனும் தங்கையும் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அண்ணனுக்கு வேலை போகிறது. தங்கை, தான் வீட்டிலிருந்தே பொம்மை செய்து சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அண்ணனாக நடித்த சிவாஜிக்கு ஒரே நேரத்தில் ஆச்சரியமும் பெருமிதமும் வெட்கமும் முகத்தில் வந்து போகின்றன. வறுமையில் இருக்கும் ஒரு வீட்டின் முழு மகிழ்ச்சியும் அங்கே இருக்கிறது. பிறகு தொழில், பங்களா, கார், அத்தையின் சூழ்ச்சி, பிரிவு, இரண்டு சாவுகள். சந்தோஷம் படத்தின் முதல் பகுதியோடு சரி. மீதி முழுக்க அதை இழப்பதுதான் கதை. இந்த வார்ப்பு தமிழ் சினிமாவில் முப்பது நாற்பது ஆண்டு ஓடியது. ஒரு குடும்பம் திரையில் சிரித்துக்கொண்டே பாட்டுப் பாடினால், இடைவேளைக்குள் அதற்கு ஏதோ நடக்கப்போகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். சிரிப்பே அபாய அறிவிப்பாகிவிட்டது.

அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தர் வந்தபோது பணம் கதைக்குள் வந்தது. சினிமாவின் கோடிக்கணக்கு அல்ல. சம்பளம், வாடகை, தவணை. ‘பாமா விஜயம்’ 1967இல் வந்தது. ஓய்வுபெற்ற அப்பாவாக டி.எஸ். பாலையா, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அவளிடம் பெருமை காட்டிக்கொள்ளத் தவணையில் சாமான் வாங்கி, வீடே கடனில் மூழ்குகிறது. வில்லன் என்று யாரும் இல்லாமல், அந்த வீட்டின் ஆசைகளை வைத்தே கதை நகர்கிறது. அதில் பாலையா மகன்களையும் மருமகள்களையும் வழிக்குக் கொண்டுவருகிற விதம் ஒவ்வொரு தகப்பனும் பார்க்க வேண்டியது. மறு ஆண்டு வந்த ‘எதிர்நீச்சல்’ ஒண்டுக் குடித்தன வீட்டில் நடக்கிறது. மாடிப்படிக்குக் கீழே படுத்துறங்கும் அநாதை மாது, அந்த வீட்டில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் எடுபிடி. ரத்த உறவு இல்லாதவனும் ஒரு வீட்டின் பிள்ளையாக முடியுமா என்று கேட்டது அந்தப் படம். 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’ இன்னொரு பக்கத்தைத் திறந்தது. ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவளுக்கென்று ஒரு வாழ்க்கை வரும்போதெல்லாம் அது தள்ளிப்போகிறது. அந்த வீட்டின் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார் என்று தமிழ் சினிமா உரக்கக் கேட்ட முதல் இடங்களில் அது ஒன்று.

பாலசந்தரின் ‘தில்லு முல்லு’வுக்கு வசனம் எழுதிய விசு, 1986இல் ஏவிஎம்முக்காக ‘சம்சாரம் அது மின்சாரம்’ எடுத்தார். தேசிய விருதில் ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படமாகத் தேர்வானது. பாகப்பிரிவினையில் பிரிந்த வீடு இங்கேயும் பிரிகிறது. அப்பா அம்மையப்பன் வீட்டுக்குள்ளேயே கோடு கிழிக்கிறார். வித்தியாசம் முடிவில்தான். சண்டை தீர்ந்து எல்லாரும் ஒன்றுசேரும் இடத்தில், லட்சுமி நடித்த மூத்த மருமகள், இனி ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம், தனித்தனியே இருந்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். உடைந்ததை ஒட்டவைத்துக் கும்பிடு போட்டு முடித்திருந்தால் படம் இன்னும் எளிதாக ஓடியிருக்கும். கூட்டுக் குடும்பம் என்ற ஏற்பாட்டைவிட அதிலிருக்கும் அன்புதான் பெரிது, அன்பைக் காப்பாற்றத் தள்ளி இருக்கலாம் என்று ஒரு வெற்றிப் படம் பெண்ணின் வாயால் சொன்னது சாதாரண விஷயமில்லை. நம் குடும்பப் படங்களில் மிக முதிர்ச்சியான முடிவு அது என்று நினைக்கிறேன்.

நகைச்சுவைப் படங்களை ஆய்வாளர்கள் குடும்பப் படக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவது அவைதான். 1964இல் ஸ்ரீதர் வண்ணத்தில் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் நடித்த மகன் செல்லப்பா, தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். கதவு கிறீச்சிடுவது, காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷின் வாயாலேயே வருகின்றன. அப்பாவாக வரும் பாலையாவின் முகம் கேட்கக் கேட்க வெளிறுகிறது. காசு கொடுக்க மனமில்லாத அப்பா, அப்பாவிடம் காசு கறக்க நினைக்கும் பிள்ளை, ஒரு நாற்காலி, ஒரு கதை. வேறு எதுவும் இல்லாமல் அந்தக் காட்சி அறுபது ஆண்டு தாண்டி நிற்கிறது. ‘தில்லு முல்லு’வின் தேங்காய் சீனிவாசன், ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கல்யாணச் சாம்பாருக்குள் விழுந்த மீனும் அதைச் சுற்றி நடக்கும் திண்டாட்டமும் இதே வகை. வசனம் வரும் முன்பே வீட்டில் ஒருவர் அதைச் சொல்லிவிடுவார், மற்றவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் படத்துக்குப் பாதிப் பங்குதான். மீதி அந்த வீட்டுக்குச் சொந்தமானது.

எழுபதுகளின் முடிவில் மகேந்திரன் வேறொன்றைச் செய்தார். ‘முள்ளும் மலரும்’ படத்திலும் அண்ணன், தங்கைதான். ஆனால் பாசத்தை வசனமாக யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்தது, ஊர் மதிக்கும் மனிதன் தன் வீட்டுக்குள் எவ்வளவு கொடியவனாக இருக்க முடியும் என்று காட்டியது. குடும்பம் என்றாலே நல்லது என்று நம்பும் பழக்கத்துக்கு அது மருந்து.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தில் மகிழ்ச்சி எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் சுதா, தங்கை, தாத்தா முருகேசன். இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒன்று கட்ட இறங்குகிறார்கள். கடன், ஒப்பந்தக்காரர், சிமெண்ட், லஞ்சம் என்று ஒவ்வொரு படியிலும் பணம் கரைகிறது. நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர்தான் தாத்தா. ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல், தானாகக் கிளம்பிப்போய்ப் பாதி கட்டியிருக்கும் வீட்டைப் பார்க்கிறார். செங்கல் சுவரைத் தடவுகிறார். அறைகளுக்குள் நடந்து பார்க்கிறார். வசனம் ஒன்றுமில்லை, இளையராஜாவின் இசை மட்டும். திரும்பும்போது இறந்துபோகிறார். தமிழ்ப் படங்களில் ஒரு முதியவர் அடைந்த மிகப் பெரிய சந்தோஷம் அது என்று நான் சொல்வேன், அந்த வீடு கடைசியில் அவர்களுக்குக் கிடைக்காமல் போனாலும். அதே பாகவதரை வைத்து எடுத்த ‘சந்தியா ராகம்’ முதுமையையே கதையாக்கியது. ‘வீடு’ அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. கூட்டமாகக் குடும்பங்கள் போய்ப் பார்த்த படம் அல்ல. குடும்பத்தைப் பற்றிய உண்மையான படமும், குடும்பம் போகும் படமும் இப்படித் தனித்தனியே நின்றது நம் நஷ்டம்.

தொண்ணூறுகளில் வி. சேகர் ‘வரவு எட்டணா செலவு பத்தணா’, ‘காலம் மாறிப் போச்சு’ என்று பாலசந்தரின் வீட்டுக் கணக்கைக் கீழ் நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டுபோனார். விக்ரமனின் ‘பூவே உனக்காக’, ‘சூர்யவம்சம்’, ‘வானத்தைப் போல’ படங்களில் நல்லவர்கள் மட்டுமே வாழும் ஒரு உலகம் இருந்தது. அந்த நல்லதனம் அளவு மீறியது என்று பலர் சொன்னார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தொலைக்காட்சியில் ‘சூர்யவம்சம்’ வந்தால் வீட்டில் யாரும் சேனலை மாற்றுவதில்லை. மீந்த இட்லியை உப்புமாவாக்கும் மருமகளும் அதை ரசித்துச் சாப்பிடும் கணவனும் அந்தப் படத்தின் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நினைவில் நிற்கிறார்கள். அது போதும், நம் ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள.

படம் பார்ப்பதே குடும்பத்தின் சந்தோஷங்களில் ஒன்றாக இருந்ததையும் சொல்ல வேண்டும். டூரிங் டாக்கீஸில் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். சோற்றை அவசரமாக முடித்துக்கொண்டு வீடே நடக்கும். மணல் தரையில் பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், இடைவேளைக்கு முறுக்கு, கலர். சின்னப் பிள்ளை பாதியில் மடியில் தூங்கிவிடும். 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. பின்னால் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு டி.வி. உள்ள வீட்டின் கூடம் தெருவுக்கே பொதுவானது. 1993இல் சன் டி.வி. தொடங்கியபின் தினமும் படம் கிடைத்தது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ போன்ற தொடர்கள் பிரபலமானபோது பீம்சிங் வளர்த்த அழுகை முழுவதும் சின்னத்திரைக்கு இடம் மாறியது. பெண்கள் அங்கே போனார்கள். தியேட்டர் இளைஞர்களுக்கு என்று ஆனது. குடும்பப் படம் மெலிந்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

நடுவில் சேரன் ‘தவமாய் தவமிருந்து’ எடுத்தார். சின்ன அச்சகம் வைத்திருக்கும் ராஜ்கிரண், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க இராத்திரி முழுக்க உழைக்கும் பகுதி அந்த நீண்ட படத்தின் உயிர். பாண்டிராஜின் ‘பசங்க’, பெற்றோரின் சண்டை பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை வரைக்கும் போய்ச் சேர்வதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியது.

கடந்த பத்து ஆண்டுகளில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. 2015இல் திரைக்கு வந்த மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் ரயில் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கும் இரண்டு பையன்களுக்குப் பீட்சா தின்ன ஆசை. விளம்பரத் தாளைப் பார்த்து ஆயா தோசைக்கல்லிலேயே ஒன்றைச் சுட்டுக் கொடுக்கிறாள். பையன்கள் அதை ஏற்கவில்லை. கடைசியில் உண்மையான பீட்சா வாயில் படும்போது, ஆயா சுட்டதே மேல் என்று தெரிகிறது. ஆயா அப்போது இல்லை. ‘குட் நைட்’ 2023இல் ஒருவனுடைய குறட்டையை வைத்தே ஒரு முழுப் படம் ஓட்டியது. ‘மெய்யழகன்’ தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் இரவு. பல ஆண்டு கழித்து ஊருக்கு வந்தவனுக்குத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாண மேடை, பந்திச் சாப்பாடு, பேச்சு. வெளியான சில நாளில் நீளம் கருதி சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அந்தப் படத்துக்கு அவசரம் தேவையே இல்லை. அந்தக் குறைப்பு எனக்கு வருத்தம். 2025இல் புதுமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் எடுத்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்து சென்னையில் குடியேறும் நால்வர், ஒருவரோடு ஒருவர் பேசாத ஒரு தெருவைப் பேச வைக்கிறார்கள். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்துக்கு நடுவிலும் அந்த வீட்டில் சிரிப்பு நிற்பதில்லை. அதைத் தண்டிக்கப் படமும் காத்திருப்பதில்லை. ஜனங்கள் அந்தப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. திரையில் வந்த இந்தச் சந்தோஷங்களில் பாதிக்கு மேல் சோறு சம்பந்தப்பட்டவை. பந்தி, உப்புமா, தோசை. அதைச் செய்தவர் பெரும்பாலும் காட்சியின் ஓரத்தில் நிற்கிறார். ‘36 வயதினிலே’யில் ஜோதிகா மொட்டைமாடிக் காய்கறியோடு தனக்கென்று ஒரு இடத்தைத் தேடினார். 2021இல் வந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ ஒரு வீட்டின் சமையலறையை மட்டும் காட்டியே பலரைத் தூங்கவிடாமல் செய்தது. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் எடுத்தார்கள். சேர்ந்து சாப்பிடும் ஆனந்தத்தைக் காட்டுகிற படம், பரிமாறுகிறவரும் உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று பார்க்காவிட்டால் அது அரைகுறைதான். அடுத்து வரும் இயக்குநர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இப்போது ஒரே வீட்டில் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு படம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எல்லாரும் ஒரே படத்தைப் பாருங்கள். எந்தப் படம் என்பதை வீட்டின் மூத்தவர் ஒரு முறையும் இளையவர் ஒரு முறையும் சொல்லட்டும். சமையலைச் சேர்ந்து முடித்துவிட்டு, அடுப்படியில் ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு படத்தைப் போடுங்கள்.